முகவரியில்லாக் கணினியின் கடிதப் போக்குவரத்து

தேயிலைத் தோட்டங்களுக்குக் கடிதம் வந்து சேரும் முறையை மலையக நேயர்கள் நன்கறிவர். லயத்துக் காம்பராக்களுக்குத் தனித்தனி முகவரி நெடுங்காலமாக இருந்ததில்லை. கடிதத்தின் மேல் ஆளின் பெயரும் தோட்டத்தின் பெயருமே காணப்படும். தபாற் கந்தோரிலிருந்து அது தோட்டக் கந்தோருக்குச் செல்லும். அங்கிருந்து உரியவர் கைக்குப் போய்ச் சேரும். வெளியுலகிற்குத் தெரிந்தது தோட்டம் ஒன்றே. இன்ன லயத்தில் இன்ன காம்பராவில் இன்னார் வாழ்கின்றார் என்பது தோட்டத்திற்குள்ளே மட்டும் தெரிந்த செய்தி.

இன்றைய கணினி உலகில் ஒரு நுட்பம் ஏறக்குறைய இதே முறையில் இயங்குகின்றது. அதிகாரம் எதுவுமில்லாத ஒருவர், பிறருக்குச் சொந்தமான கணினியில், எவருடைய பூட்டையும் உடைக்காமல், தமக்கென ஒரு முழுக் கணினியை அமைத்து அதனை இணையத்தோடு பொருத்திக்கொள்ளும் நுட்பம் அது.

ஒரு கணினிக்குள்ளே மற்றொரு கணினியை மென்பொருளாலேயே உருவாக்கலாம். அதனை மெய்நிகர்க் கணினி என்பர். அதற்கும் நினைவகம் உண்டு, வட்டு உண்டு, வலையமைப்பு அட்டையும் உண்டு. ஆனால் அவையெல்லாம் மென்பொருள் காட்டும் தோற்றங்களே. அதனைத் தாங்கி நிற்கும் உண்மையான இயந்திரத்தை மெய்க்கணினி என்று குறிப்பிடலாம்.

பூண்டுலோயாவில் ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வீட்டில் கணினி இல்லை. பாடசாலையிலோ பொதுக் கணினி நிலையத்திலோ உள்ள இயந்திரத்தில் சிறிது நேரம் பயில அவளுக்கு அனுமதி உண்டு. ஆயின் நிர்வாகியின் கடவுச்சொல் அவளிடம் இல்லை, இருக்கவும் நியாயமில்லை. அவள் கற்க விரும்புவதோ வலைச் சேவையகங்களை நிர்வகிக்கும் தொழில். அத்தொழிலை நிர்வாகி அதிகாரமின்றிக் கற்க முடியாது. மெய்நிகர்க் கணினி இச்சிக்கலைத் தீர்த்து வைக்கின்றது. மெய்க்கணினியில் அவள் சாதாரணப் பயனர்; மெய்நிகர்க் கணினிக்குள்ளோ அவளே முழு நிர்வாகி. அங்கே அவள் எதையும் நிறுவலாம், அழிக்கலாம், மீண்டும் கட்டலாம். தவறு நேர்ந்தால் கெடுவது அவளுடைய கோப்பு ஒன்றே.

வலையமைப்பில்தான் தடை எழுகின்றது. மெய்நிகர்க் கணினியை வெளியுலகோடு இணைப்பதற்குப் பலரும் சொல்லும் வழி, பாலம் அமைப்பது. மெய்க்கணினியின் வலையமைப்பு அட்டையோடு மெய்நிகர் அட்டையை நேரே பிணைப்பது அது. அவ்வாறு பிணைத்தால் உள்ளிருக்கும் கணினிக்கும் தனி முகவரி கிடைக்கும். ஆனால் அட்டையின் அமைப்பை மாற்ற வல்லவர் அதே இயந்திரத்தைப் பயன்படுத்தும் பிறரின் தகவல்களையும் ஒட்டுக் கேட்க முடியும். வேறொரு கணினியின் முகவரியைத் தமதெனக் காட்டவும் முடியும். ஆதலின் லினக்ஸ், விண்டோஸ் முதலிய இயங்குதளங்கள் அந்த அதிகாரத்தை நிர்வாகிக்கு மட்டுமே தருகின்றன. அந்தப் பூட்டு வீணாகப் போடப்பட்டதன்று.

அவ்வாறாயின் வழி யாது? இதற்கு விடை 1995ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. அக்காலத்தில் தொலைபேசி வழியாகப் பல்கலைக்கழகக் கணினிகளோடு தொடர்புகொண்டோர் பலருக்கு எழுத்தாலான கணக்கு மட்டுமே வழங்கப்பட்டது. தம் வீட்டுக் கணினியை முழுமையாக இணையத்தோடு பொருத்தும் உரிமை அவர்களுக்கு இல்லை. டேனி காஸ்பரோவ்ஸ்கி என்பார் அவர்களுக்கென ‘சிலர்ப்’ எனும் மென்பொருளை எழுதினார். சாதாரணப் பயனரின் கணக்கிலேயே அது ஓடும். வீட்டுக் கணினிக்கோ முழு இணைய இணைப்பு இருப்பது போன்ற நிலையை உண்டாக்கும். பின்னர், ஃபாப்ரீஸ் பெல்லார் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கியூஎமு’ எனும் மெய்நிகர்க் கணினி மென்பொருளில் சிலர்ப்பின் நுட்பம் சேர்க்கப்பட்டது. பயனர் நிலை வலையமைப்பு என இன்று வழங்குவது இதுவே.

இதன் அடிப்படை மிக எளியது. இணைய உலாவியைத் திறந்து ஒரு தளத்தைக் காண்பதற்கு எவருக்கும் நிர்வாகி அதிகாரம் தேவைப்படுவதில்லை. எந்தச் சாதாரண மென்பொருளும் வெளியுலகோடு இணைப்புக் கோரலாம். மெய்நிகர்க் கணினியை இயக்கும் மென்பொருளும் அத்தகைய சாதாரண மென்பொருள்தானே? ஆகவே அது தனக்குள்ளே ஒரு சிறு வலையமைப்பைக் கற்பித்துக்கொள்கின்றது. கியூஎமு வழக்கமாகக் கொள்ளும் எண்கள் இவை: மெய்நிகர்க் கணினிக்கு 10.0.2.15; வெளியே செல்லும் வழிக்கு 10.0.2.2, தளப் பெயர்களை எண்ணாக மாற்றித் தரும் சேவைக்கு 10.0.2.3. இவ்வெண்கள் அந்த மென்பொருளுக்கு வெளியே செல்லாக் காசுகள்.

மெய்நிகர்க் கணினி ஒரு தகவற் பொதியை அனுப்புகின்றது. மென்பொருள் அதனை வாங்கி, எந்த ஊருக்கு, எந்த வாயிலுக்கு என்று படிக்கின்றது. பின்னர்த் தன் பெயரிலேயே இயங்குதளத்தினிடம் புதிய இணைப்பொன்றைக் கேட்டுப் பெற்று, உள்ளடக்கத்தை அதன் வழியே அனுப்புகின்றது. மறுமொழி வந்ததும் மீண்டும் பொதியாகக் கட்டி உரியவரிடம் ஒப்படைக்கின்றது. வெளியுலகம் காண்பது மெய்க்கணினியின் முகவரியை மட்டுமே. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதத்தை உள்ளே பிரித்துக் கொடுப்பதற்கு இது ஒப்பாகும்.

இம்முறையின் குறைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். உள்ளிருப்பவர் முதலில் எழுதினால் மறுமொழி வரும். வெளியிலிருப்பவர் தாமாக முதலில் எழுதினால் அதனை எவரிடம் கொடுப்பதென்று மென்பொருளுக்குத் தெரியாது. மாணவி தன் சேவையகத்தை வெளியிலிருந்து தொட்டுப் பார்க்க விரும்பினால், முன்கூட்டியே ஒரு குறிப்பு எழுதி வைத்தல் வேண்டும். மெய்க்கணினியின் 2222ஆம் வாயிலுக்கு வருவதை மெய்நிகர்க் கணினியின் 22ஆம் வாயிலுக்குக் கொடு என்பது போன்ற குறிப்பு அது. இங்கே பெரிய எண்ணைத் தெரிவு செய்வதற்குக் காரணமுண்டு. 1024க்குக் கீழ்ப்பட்ட வாயில்களைத் திறப்பதற்கு லினக்ஸில் வழக்கமாக நிர்வாகி அதிகாரம் வேண்டும். மேலும் அவ்வாயிலை 127.0.0.1 எனும் முகவரியோடு கட்டி வைப்பது நன்று. அவ்வாறு செய்தால் அந்த இயந்திரத்தில் இருப்பவர் மட்டுமே அதனை அணுகலாம். இல்லையேல் அந்த வலையமைப்பில் உள்ள அனைவருக்கும் கதவு திறந்து கிடக்கக்கூடும்.

மற்றொன்று. இணைப்புச் சரியா என்று சோதிக்கப் பலர் ‘பிங்’ எனும் கட்டளையை ஏவுவர். பயனர் நிலை வலையமைப்பில் அதற்கு மறுமொழி வராமற் போவதுண்டு. அதனைக் கண்டு இணைப்பே இல்லையென முடிவு செய்துவிடலாகாது. ஒரு வலைத்தளத்தைத் திறந்து பார்ப்பதே தக்க சோதனை. வேகமும் பாலத்தைவிடக் குறைவு. ஒவ்வொரு பொதியையும் பிரித்துக் கட்டும் உழைப்பு அதற்குக் காரணம். கற்பவருக்கு அது பெருந்தடையன்று.

பூட்டு உடையவில்லை என்பதற்காக அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று எண்ணுதல் தவறு. பொது நிலையத்தின் மின்சாரமும் இணையமும் பிறருக்கும் உரியவை. பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுச் செய்வதே முறை. நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்பதற்கும், அது தேவையில்லாத வழியொன்றைக் காட்டி இணக்கம் கேட்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. பின்னதற்கு மறுப்புக் கூறுவோர் குறைவாகவே இருப்பர்.

முடிவாக ஒன்று சிந்திக்கத் தக்கது. இந்த நுட்பத்தில் மெய்நிகர்க் கணினிக்கு ஒரு குறையுமில்லை. மெய்க்கணினியின் பெயரில் எழுதி, மெய்க்கணினியின் பெயரில் மறுமொழி பெற்று அது நிறைவாக இயங்குகின்றது. கடிதம் தவறினால் மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்கின்றது. மனிதருக்கு அது போதாது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்புத் தாமதமாகக் கைக்கு வந்தால், அந்த நாளை மீண்டும் கேட்டு வாங்க இயலாது. பூண்டுலோயாவை அடுத்த டன்சினன் தோட்டத்தில், இந்திய உதவியோடு கட்டப்பெற்ற 404 வீடுகள் 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் மக்களிடம் கையளிக்கப்பட்டன. அக்குடியிருப்புக்கு மகாத்மா காந்திபுரம் என்று பெயர். ஊருக்கு ஒரு பெயரும், வீட்டிற்கு ஓர் எண்ணும், எண்ணுக்கு உரிய ஆளும் இருப்பதே மனிதருக்கு ஏற்ற வலையமைப்பு. கணினியில் முகவரியின்றி வேலை செய்யக் கற்றுக்கொள்ளும் மாணவிக்கு, அவள் தேர்ச்சி பெற்ற செய்தியைச் சொல்லும் கடிதமேனும் நேரே அவள் வீட்டு வாசலுக்கு வந்து சேர வேண்டும்.