தொண்டும் சொல்லும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



எமது கல்லூரியிலிருந்து மலைநாட்டுக்குச் சென்று, ஒரு தோட்டப் பாடசாலையிலே பிள்ளைகளுக்குத் தொண்டாற்றி மீண்ட அனுபவத்தை இச்சபையில் எடுத்துரைக்குமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பன்னிருவர் சென்றோம். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு ஏழு நாட்கள் சென்றோம். செய்தவற்றைச் சொல்லிப் பெருமைப்படவே முதலில் எண்ணினோம். ஆனால் சிந்தித்துப் பார்த்தபோது, நாம் விட்ட பிழையைச் சொல்வதே இங்குள்ள இளைஞர்களுக்குப் பயன்படும் என்று தோன்றிற்று.

யாழ்ப்பாணத்தில் புகையிரதம் ஏறி, பொல்காவலையில் வண்டி மாறி, ஹற்றனில் இறங்கினோம். அங்கிருந்து பஸ்ஸிலும், அப்பால் கால்நடையாகவும் தோட்டத்தை அடைந்தோம். அது ஆகஸ்ட் மாதம். தென்மேற்குப் பருவமழை ஓயாத காலம். தேயிலைச் செடிகளினூடே ஏறும்போது கால்களில் அட்டை கடித்ததை நாம் அறியவேயில்லை. எதிரே வந்த சிறுவன் ஒருவன் கண்டு சிரித்து, ஓடிச்சென்று வீட்டிலிருந்து உப்புக் கொண்டுவந்து தந்தான். தொண்டு செய்யச் சென்ற எமக்கு முதற்றொண்டு செய்தவன் அவனே.

இப்பிள்ளைகளின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்டவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. இறுதியாக எஞ்சியிருந்தோர்க்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டமேயாகும். 1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. 1970களிலேதான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. ஆகவே இவர்கள் தாமாகப் பின்தங்கியவர்களல்லர்; பின்னே நிறுத்தி வைக்கப்பட்டவர்கள். இதனை நூல்களிற் படித்திருந்தோம். ஆனால் விளங்கிக்கொண்டது வகுப்பறையிலேதான்.

விடுமுறைக் காலமாயினும் தலைமையாசிரியர் எமக்காகப் பாடசாலையைத் திறந்து வைத்திருந்தார். முதல் நாட் காலை, கரும்பலகையில் 22இலிருந்து 5ஐக் கழிக்குமாறு எழுதினோம். மூன்றாந் தரத்துச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள், விரல்களை எண்ணினாள், தலை குனிந்தாள். நாம் மறுபடியும் மறுபடியும் விளக்கினோம். பயனில்லை. அப்பொழுது பின்னால் நின்ற தலைமையாசிரியர் மெல்லக் கேட்டார்:

“அம்மா இன்னைக்கு 22 கிலோ கொழுந்து எடுத்தாங்க. சாக்குக்கும் ஈரத்துக்கும் 5 கிலோ கழிச்சிட்டாங்க. மிச்சம் எவ்வளவு?”

“பதினேழு சேர்,” என்றாள் உடனே. பின்னர் தானாகவே சொன்னாள்: “பதினெட்டு இருந்தாத்தான் முழுப்பேரு. இன்னைக்கு அரைப்பேருதான் போடுவாங்க.”

எமக்குப் பேச்செழவில்லை. நமக்குக் கழித்தற் கணக்காக இருந்தது, அச்சிறுமிக்கு அன்றைய கூலியாக இருந்தது. ஒரு கிலோ குறைந்ததால் அரைநாட் சம்பளம் போகும் என்பதை அறிந்த பிள்ளைக்குக் கணிதம் தெரியாது என்று நாம் நினைத்தோமே!

அன்றே எமது பாடக்குறிப்புகளை மூடி வைத்தோம். கொழுந்து நிறுவையைக் கொண்டே கணக்குச் செய்வித்தோம். காமன் கூத்திலே கண்டதைப் பிள்ளைகளைச் சொல்லச் செய்து, அவர்கள் சொற்களிலேயே எழுதி, அதையே வாசிக்கக் கொடுத்தோம். ஏழு நாட்களும் ஏழு நாழிகை போலக் கழிந்தன.

இனி எமது பிழைக்கு வருவோம். பிரியும் நாளில் பிள்ளைகள் பூமாலை கட்டிவந்து சூட்டினார்கள். மனம் நெகிழ்ந்து, “மாதந்தோறும் கடிதம் எழுதுவோம், கதைப் புத்தகங்கள் அனுப்புவோம்” என்று எல்லோரும் கேட்கச் சொன்னோம். ஊர் திரும்பினோம். முதல் மாதம் கடிதம் போயிற்று. பின்னர் சோதனை வந்தது. வேறு அலுவல்கள் வந்தன. சேர்த்த புத்தகங்கள் கல்லூரி விடுதி மூலையில் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. பிள்ளைகளிடமிருந்து ஏழு கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் வாசித்து மகிழ்ந்தோம். ஒன்றுக்கேனும் பதில் எழுதினோமில்லை.

மறு ஆண்டு மீண்டும் சென்றோம். அன்று உப்புக் கொண்டுவந்து தந்த அதே சிறுவன் அருகில் வந்து கேட்டான்: “அண்ணே, எங்க கடுதாசி ஒங்களுக்குக் கெடைக்கலையா?”

தோட்டத்துக்கு வரும் தபால் ஆபீசுக்கே வரும். வாரந்தோறும் அவன் அங்கே சென்று, எமது கடிதம் வந்ததா என்று விசாரித்து வந்தானாம். அவன் எம்மைக் குறைகூறவில்லை, தபாலைத்தான் சந்தேகித்தான். பொய் சொல்லித் தப்பிக்கொள்ள அவனே வழிகாட்டி நின்றான். எம்முள் ஒருவர், “கிடைச்சது தம்பி. நாங்கள்தான் எழுதேல்லை” என்றார். அவன் சற்றுநேரம் எம்மைப் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் வகுப்புக்குப் போய்விட்டான்.

சபையோரே! அச்சிறுவன் போன பின்பே தொண்டு என்பது யாதென்று நாம் ஆராய்ந்தோம். ஏழு நாட் பாடம் இல்லாவிடினும் அப்பிள்ளைகள் வாழ்ந்திருப்பார்கள். ஆனால் நாம் கொடுத்த சொல்லை நம்பி அவன் ஓராண்டு நடந்தான். வெளியார் சொல் பலமுறை பொய்த்துப்போன மக்களிடம் சென்று, நாமும் ஒரு சொல்லைப் பொய்யாக்கி வந்தோம்.

ஆதலால் இரண்டாம் ஆண்டு வேறுவழி கொண்டோம். அத்தோட்டத்திலே க.பொ.த. சாதாரண தரம் சித்தியெய்திய பெண்பிள்ளைகள் இருவர் இருந்தனர். எமது நேரத்திற் பாதியை அவர்களுடன் செலவிட்டு, மாலை வகுப்பு நடத்தும் முறையை ஒழுங்கு செய்தோம். புத்தகப் பெட்டியை அவர்கள் பொறுப்பில் ஒப்படைத்தோம். வாக்குறுதி ஒன்றே கொடுத்தோம்: நாம் பன்னிருவர், மாதங்களும் பன்னிரண்டு, ஆளுக்கொரு மாதம், ஆளுக்கொரு கடிதம். இன்றுவரை ஒன்பது கடிதங்கள் சென்றுள்ளன. மூன்றாவது கடிதத்துக்குப் பின்னரே அச்சிறுவனிடமிருந்து பதில் வந்தது.

இளைஞர்களே, சேவைக்குப் புறப்படுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் புறப்படுமுன், “ஏழு நாட் கழிந்து எட்டாம் நாள் அங்கே யார் இருப்பார்?” என்று உங்களையே கேளுங்கள். அங்கே நிலைத்திருப்பவர்களின் கையைப் பலப்படுத்துங்கள். காக்கக்கூடிய சொல்லை மட்டும் கொடுங்கள். கொடுத்த சொல்லைக் காப்பாற்றுங்கள்.