செவ்வாயில் கதவு கண்டவர்கள்

(கெலமங்கலம் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் இந்தக் கெலமங்கலத்தில், பகலெல்லாம் தோட்டத்திலும் ஓசூர் ஆலைகளிலும் உழைத்துவிட்டு இரவில் இவ்வளவு பேர் வந்து உட்கார்ந்திருப்பதற்கு முதலில் நம் நன்றியைத் தெரிவித்துக் கொள்ளுகிறோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் புராணம் எப்படிப் பிறக்கிறது என்பதை நம் கண்ணெதிரிலேயே காட்டக்கூடிய ஒன்றாகும்.

செவ்வாய்க் கிரகத்திலும் சந்திரனிலும் மனிதன் வண்டிகளை இறக்கி ஓட்டிப் படம் எடுத்து வருகிறான். அந்தப் படங்கள் கைப்பேசி வழியாக நம் டீக்கடை பெஞ்சு வரையில் வந்து விடுகின்றன. வந்தவுடன் ஒருவர் "இதோ கதவு" என்கிறார். மற்றொருவர் "இதோ ஒரு மனிதன்" என்கிறார். மூன்றாமவர், "இதெல்லாம் நம் ரிஷிகள் அன்றே சொன்னதுதான்" என்று முடித்து விடுகிறார்.

அந்தக் கதவின் கதையைக் கேளுங்கள். 2022-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி கியூரியாசிட்டி என்னும் அமெரிக்க வண்டி செவ்வாயில் ஒரு பாறையைப் படம் பிடித்தது. பாறையில் வெட்டி வைத்தாற்போல் ஒரு வாசல் தெரிந்தது. உலகமெல்லாம் கூச்சல்! பிறகு விஞ்ஞானிகள் அளவைச் சொன்னார்கள். அந்த வாசலின் உயரம் ஒரு முழத்துக்கு மேல் இல்லை. நாய்க்குட்டி நுழையலாம், ஆள் நுழைய முடியாது. பாறை வெடித்துத் துண்டு பெயர்ந்து விழுந்த பொந்து அது.

சந்திரனில் சீனாக்காரருடைய யூட்டு-2 என்ற வண்டிக்கு, 2021-ம் வருஷக் கடைசியில், தூரத்தில் சதுரமாக ஒரு குடிசை போலத் தெரிந்தது. அவர்கள் அதற்குக் கற்பூரம் காட்டவில்லை. வண்டியை அதன் பக்கத்துக்கே ஓட்டினார்கள். பிறகு கிட்டப் போய்ப் பார்த்தபோது, குடிசை போய்ச் சிறு கல்லாய் முடிந்தது.

ஆப்பர்ச்சூனிட்டி வண்டியின் சங்கதி இன்னும் வேடிக்கை. 2013 டிசம்பர் 26-ந் தேதி எடுத்த படத்தில் இல்லாத கல் ஒன்று, 2014 ஜனவரி 8-ந் தேதி படத்தில், ஓரம் வெளுத்து நடுவில் சிவந்து, பலகாரம் போல உட்கார்ந்திருந்தது. "முளைத்தது" என்றார் ஒருவர். "எங்கிருந்தோ வந்து விழுந்தது" என்றார் இன்னொருவர். நம் ஊராயிருந்தால் "சுயம்பு" என்று சொல்லி, மறுநாளே கொட்டகையும் உண்டியலும் வந்திருக்கும். விஞ்ஞானிகளோ வண்டி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்கள். வண்டியின் சக்கரமே ஒரு கல்லை உடைத்து அந்தத் துண்டைத் தள்ளியிருக்கிறது என்று கண்டார்கள். அற்புதத்தைச் செய்தது அவர்களுடைய சக்கரமே!

தோழர்களே! இப்படித் தோன்றுவது அறிவீனம் என்று நாம் சொல்லவில்லை. முகத்தையும் உருவத்தையும் தேடுவது மனித மூளையின் சுபாவம். நிலாவில் பாட்டி வடை சுடுவதை நாமும் பார்த்தவர்கள்தான். தோன்றியதை அளந்து பார்க்க மறுப்பதைத்தான் நாம் அறிவீனம் என்கிறோம். ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளிப் பெட்டியை, மேல் வரிசையை மாத்திரம் பார்த்து விலை பேசுவீர்களா? ஆலையில் வேலை செய்யும் தோழர்கள், கருவி வைத்து அளக்காமல் ஒரு திருகாணியையாவது சரியென்று அனுப்புவீர்களா? தக்காளிக்கும் திருகாணிக்கும் உள்ள பரீட்சை, கடவுளுக்கும் ஜோசியத்துக்கும் மாத்திரம் ஏன் கூடாது?

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. நம் கிருஷ்ணகிரி ஜில்லாவில் மல்லச்சந்திரம் முதலிய இடங்களில் கல்திட்டைகள் இருக்கின்றன. பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி, ஒரு பக்கத்தில் வட்டமாகத் துளையும் இட்டிருக்கிறார்கள். இவை 2,000 வருஷங்களுக்கு முன்பே, இரும்பைக் கையாண்ட நம் மக்கள் தங்களில் இறந்தோருக்கு எழுப்பிய சின்னங்கள். அவ்வளவு பாரக்கல்லைத் தூக்கி நிறுத்தினவன் உழைப்பாளி. ஆனால் நம் ஜனங்கள் அவற்றைப் "பாண்டவர் வீடு" என்கிறார்கள். மனிதன் கை படாத செவ்வாய்ப் பாறையில் மனிதன் வெட்டிய வாசல் காண்கிறோம்; நம் பாட்டன் தோளில் சுமந்து நிறுத்திய கல்லையோ பாரதக் கதைக்காரனுக்குத் தானம் செய்து விடுகிறோம். இதைவிட மானக்கேடு வேறென்ன?

நிற்க, செவ்வாயில் கதவு பார்ப்பதால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. அதே செவ்வாயில் தோஷம் பார்த்தார்களே, அதன் நஷ்டத்தை எண்ணிப் பாருங்கள். ஜாதகத்தில் செவ்வாய் இந்த வீட்டில் நிற்கிறது என்று சொல்லி எத்தனை பெண்கள் வயது கடந்தும் வீட்டிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்! இங்கு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில், தன் மகளுக்காகப் பரிகாரத்துக்குக் கடன் வாங்கினவர் ஒருவராவது இருப்பார். அந்தச் செவ்வாய் எப்படிப்பட்டது? அது சிவந்திருப்பது கோபத்தாலல்ல. உங்கள் மண்வெட்டியில் பிடிக்கிறதே, அதே இரும்புத் துருவால். 2014 செப்டம்பர் 24-ந் தேதி நம் நாட்டு மங்கள்யான் அதைச் சுற்றத் தொடங்கியது. பல வண்டிகள் அதன் மண்ணைத் தோண்டி, கல்லைத் துளைத்து, காற்றையும் சோதித்துவிட்டன. கல் இருந்தது, தூசி இருந்தது, பழைய நீரோட்டத்தின் அடையாளமும் இருந்தது. பெண்ணின் தாலியைத் தடுக்கும் வஸ்து எதுவும் அகப்படவில்லை.

அப்படியானால் அங்கே உயிரே கிடையாது என்கிறோமா? அப்படியும் சொல்லவில்லை. பெர்செவரன்ஸ் வண்டி 2024 ஜூலையில் சிறுத்தைப் புள்ளி போன்ற புள்ளிகளுள்ள ஒரு கல்லைக் கண்டது. பூர்வ காலத்தில் நுண்ணுயிர்கள் இருந்து அவை உண்டாகியிருக்கலாம் என்று 2025 செப்டம்பரில் விஞ்ஞானிகள் எழுதினார்கள். உயிரின்றி இரசாயன மாறுதலாலும் உண்டாகியிருக்கலாம் என்று அவர்களே கூடவே எழுதினார்கள். ருஜுவாகும் வரையில் முடிவு கட்ட மாட்டோம் என்கிறார்கள். இதல்லவா யோக்கியமான பேச்சு! எந்தப் புரோகிதராவது எந்த ஜோசியராவது, "நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம், சோதித்துப் பார்" என்று சொல்லி நீங்கள் கேட்டதுண்டா?

ஆகவே தோழர்களே, நாம் கேட்டுக் கொள்ளுவதெல்லாம் இவ்வளவே. இனி ஒரு அதிசயப் படம் வந்தால், அளவென்ன, தூரமென்ன, கிட்டப் போய்ப் பார்த்தவர் யார் என்று கேளுங்கள். யாராவது கிட்டப் போகக் கூடாது, கேட்கக் கூடாது என்று தடுத்தால், தடுக்கிறவருக்கு அதில் என்ன வரும்படி என்றும் கேளுங்கள். வீட்டுக்குப் போனதும், பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் பெண்ணின் ஜாதகத்தை அடுப்பிலிட்டுவிட்டு, அவளைக் கூப்பிட்டு அவள் இஷ்டம் என்னவென்று கேளுங்கள். நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் புத்தியைக் கொண்டு அலசிப் பார்த்துச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளும்படி கேட்டுக்கொண்டு முடித்துக் கொள்ளுகிறோம்.