வீட்டு ரிப்பேரும் தூசிக் கட்டுப்பாடும்

(மாட்டுங்காவில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கீதமும் உபன்யாசமும் கேட்டுப் பழகிய சபையில் தூசியைப் பற்றிப் பேச ஒருவன் வந்திருக்கிறானே என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இன்று மாட்டுங்காவிலோ செம்பூரிலோ எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு கட்டடம் பச்சைத் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது. அறுபது, எழுபது வருடம் ஆன கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். இடிக்காத கட்டடங்களிலும் யாராவது ஒருவர் பாத்ரூமை உடைத்துக்கொண்டோ சமையல் மேடையை மாற்றிக்கொண்டோ இருக்கிறார். பக்கத்திலேயே தாராவியில், சுமார் 600 ஏக்கர் பரப்புள்ள பகுதியை மாற்றிக் கட்டும் திட்டம் தொடங்கியிருக்கிறது. இதழைப் படிக்கும் சென்னை, கோவை, பெங்களூரு உறுப்பினர்களின் ஊரிலும் நிலைமை இதுவேதான்.

2023 அக்டோபரில் மும்பையின் காற்று மிகவும் கெட்டுப்போனபோது, பம்பாய் உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அதே மாதம் மாநகராட்சி கட்டுமான இடங்களுக்கு நெறிமுறைகளை வெளியிட்டது. மனையைச் சுற்றி உயரமான தகரத் தடுப்பு, கட்டடத்தை மூடப் பச்சைத் துணி அல்லது சாக்குத் துணி, இடிக்கும்போது விடாமல் தண்ணீர் தெளிப்பது, இடிபாடு ஏற்றிச் செல்லும் லாரியை மூடுவது, அதன் சக்கரங்களைக் கழுவுவது என்று பல விதிகள். எல்லாம் நல்ல விதிகள். ஆனால் மூன்றாவது மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு, நாம் நம் வீட்டுக்குள் செய்யும் ரிப்பேரை எந்த அதிகாரியும் வந்து பார்ப்பதில்லை. அங்கே அதிகாரியும் நாமேதான். அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

நான் இன்ஜினியர் அல்ல. இயற்பியல் படித்துவிட்டு அரசுப் பணியில் ஓய்வு பெற்றவன். பி.எஸ்ஸி. படித்தவர்களுக்கு ஆய்வகத்தில் ஆமணக்கெண்ணெயில் சிறு குண்டுகளைப் போட்டு, அவை விழும் நேரத்தைக் குறித்தது ஞாபகம் இருக்கும். ஸ்டோக்ஸ் விதி என்பார்கள். குண்டின் குறுக்களவு பாதியானால் விழும் வேகம் நான்கில் ஒரு பங்காகிவிடும். தூசிக்கும் அதே கணக்குதான்.

நம் தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். அந்த அளவுள்ள தூசி கண்ணுக்குத் தெரியும். பத்தடி உயரத்திலிருந்து சில விநாடிகளில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் மணல் துகளுக்கு, காற்று அசையாத அறையில், ஏறக்குறைய ஆறு நிமிடம் ஆகும். 2.5 மைக்ரான் துகளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஒரு மைக்ரான் துகளுக்கோ சுமார் பத்து மணி நேரம்! அதாவது மாலை ஆறு மணிக்கு வேலையாட்கள் போன பிறகு, அறை சுத்தமாகிவிட்டது என்று நினைத்துப் படுத்துக்கொண்டால், நாம் இரவு முழுவதும் அதைச் சுவாசிக்கிறோம். மின்விசிறி ஓடினால் அது இன்னும் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். மேஜைமேல் விரலால் கோடு போட்டுப் பார்க்கிறோமே, அந்தத் தூசி அவ்வளவு ஆபத்தானது அல்ல. அதை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் நுரையீரலின் கடைசி அறை வரை போகிறது.

அந்தத் தூசியில் என்ன இருக்கிறது? மணல், கான்கிரீட், கிரானைட், டைல்ஸ் இவை எல்லாவற்றிலும் சிலிகா படிகம் உண்டு. 'குவார்ட்ஸ்' என்று இப்போது சமையல் மேடைக்கு விற்கப்படும் செயற்கைக் கல்லில் அது 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கலாம். இந்தக் கல்லை அறுத்த இளம் தொழிலாளிகள் பலர் நோயாளிகளானதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டது. சிலிகா நுரையீரலில் தழும்பு உண்டாக்குகிறது. அதற்குச் சிலிகோஸிஸ் என்று பெயர். அந்தத் தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. காசநோய் தொற்றும் வாய்ப்பும் அதனால் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-லேயே சிலிகா படிகத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

நம் நாட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதி ஏழை மக்கள் பிழைப்புத் தேடிக் குஜராத்தில் கோத்ரா பக்கம் உள்ள கல் அரைக்கும் ஆலைகளுக்குப் போனார்கள். திரும்பி வந்து ஒருவர் பின் ஒருவராக மூச்சுத் திணறி இறந்தார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. அது ஆலை, நம் வீடு ஆலை அல்ல, வாஸ்தவம். இருபது நாள் ரிப்பேரில் நமக்குச் சிலிகோஸிஸ் வந்துவிடாது. ஆஸ்துமா உள்ளவருக்கும், இதய நோயாளிக்கும், கைக்குழந்தைக்கும் அந்த இருபது நாளே சிரமம்தான். ஆனால் டைல்ஸ் அறுப்பவர் நம் வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். அவருக்கு அது வருடம் முழுவதும்.

செம்பூரில் எங்கள் கட்டடத்தில் சுவரில் வயருக்காகக் கட்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்தேன். தலை, புருவம் எல்லாம் வெள்ளை. முகத்தில் ஒரு கைக்குட்டை. தண்ணீர் விட்டு அறுக்கக் கூடாதா, நல்ல மாஸ்க் போடக் கூடாதா என்று கேட்டேன். "ஸாப், டைம் லகேகா" என்றான். அடிக் கணக்கில் கூலி. தண்ணீர் விட்டு, நிதானமாக, மாஸ்க் போட்டுச் செய்தால் ஒரு நாள் வேலை ஒன்றரை நாள் ஆகும்; அந்த அரை நாள் கூலியை யார் கொடுப்பது? அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். ஆகவே என் முதல் வேண்டுகோள் இதுதான்: கான்ட்ராக்ட் பேசும்போதே "தண்ணீர் விட்டு அறுப்பது, தினசரி ஈரத் துப்புரவு, மாஸ்க்" ஆகியவற்றைத் தனி வரியாக எழுதி, அதற்கான பணத்தையும் நாட்களையும் ஒப்புக்கொள்ளுங்கள். பேரம் பேசும்போது அந்த வரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இனி செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, தூசியை அது பிறக்கும் இடத்திலேயே அடக்குவது. நம் வீட்டுப் பெண்மணிகள் வாசல் தெளித்துவிட்டுத்தான் பெருக்குவார்கள், பெருக்கிவிட்டுத் தெளிப்பதில்லை. அந்த முறைதான் இங்கும். சுவரை உடைப்பதற்கு முன் நனையுங்கள். இடிபாட்டைக் கோணிப்பையில் அள்ளுவதற்கு முன் நனையுங்கள். டைல்ஸை, தண்ணீர் விழும் அமைப்புள்ள இயந்திரத்தில் அறுக்கச் சொல்லுங்கள். சாதாரண கட்டரின்மேல் தண்ணீர் ஊற்றுவது மின்சார அபாயம். அந்த இணைப்பில் ஈ.எல்.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, தடுப்பு. வேலை நடக்கும் அறையின் வாசலில் மேலிருந்து தரை வரை கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பை டேப் போட்டு ஒட்டுங்கள். வாசற்படியில் பழைய வேஷ்டி ஒன்றை நனைத்துப் போடுங்கள். கால் தூசி அதிலேயே நின்றுவிடும். அந்த அறை ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வெளிப்பக்கம் பார்த்து ஓடினால், காற்று வீட்டிலிருந்து அறைக்குள் போகுமே தவிர, அறையிலிருந்து வீட்டுக்குள் வராது. பாத்ரூம் டக்ட் பக்கம் மட்டும் அதை வைக்காதீர்கள். எல்லா மாடிக்காரர்களின் ஜன்னலும் அங்கேதான் திறக்கிறது. ஏ.சி.யை நிறுத்தி மூடிவிடுங்கள். ஸ்வாமி படங்கள், விக்ரஹங்கள், மளிகைச் சாமான், புத்தகங்கள் ஆகியவற்றை முன்கூட்டியே வேறு அறைக்கு மாற்றி மூடி வையுங்கள்.

மூன்றாவது, துப்புரவு. உலர்ந்த துடைப்பம் கூடவே கூடாது. இறங்கிய தூசியை அது மறுபடி கிளப்பிவிடும். அன்று மாலை ஈரத்துணியால் ஒரு முறை, இரவு விசிறியில்லாமல் விட்டு, மறுநாள் காலை மேலிருந்து கீழாக மீண்டும் ஒரு முறை துடைக்க வேண்டும். சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்தூசியைப் பின்பக்கம் வெளியே விட்டுவிடும். ஹெப்பா ஃபில்டர் உள்ளதென்றால் சரி. பெருக்கித் துடைக்கும் வேலைக்காரம்மாவுக்கும் என்-95 மாஸ்க் கொடுங்கள். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் நுண்தூசியைத் தடுக்காது.

நான்காவது, பழைய வீடுகளுக்கான எச்சரிக்கை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பெயின்ட்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்.-க்குக் கட்டுப்படுத்தும் விதி 2016-ல்தான் வந்தது. ஆகவே பழைய பெயின்ட்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்க விடாதீர்கள். ஈரமாகவே தேய்க்க வேண்டும். பால்கனிமேல் உள்ள ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. நனைத்து, முழுசாகக் கழற்றி இறக்க வேண்டும்.

ஐந்தாவது, உடைக்கும் நாட்களிலும் அறுக்கும் நாட்களிலும் முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாக்காரர்கள் ஆகியோரை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மேலும் கீழும் குடியிருப்பவர்களுக்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். இடிபாட்டுப் பைகளின் வாயைக் கட்டி இறக்கி, மாநகராட்சியின் இடிபாடு அகற்றும் சேவையிடமே ஒப்படையுங்கள். தெருவோரத்தில் கொட்டினால் அது நம் கண்ணை விட்டுத்தான் போகும். தாராவி போன்ற இடங்களில் வீட்டு வாசல் நேராகச் சந்தில்தான் திறக்கிறது. அங்கே கொட்டிய மண் அடுத்த காற்றில் யாரோ ஒருவர் வீட்டு அடுப்பில் போய் விழும்.

எங்கள் சொசைட்டியில் ரிப்பேருக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பத்திலேயே இந்த நிபந்தனைகளில் நான்கைச் சேர்த்திருக்கிறோம். ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது. இப்போது கான்ட்ராக்டர்களே "தண்ணீர் கட்டரா, சாதா கட்டரா" என்று கேட்டு விலை சொல்கிறார்கள். உங்கள் சொசைட்டியின் அடுத்த பொதுக்குழுவில் நீங்களும் இதை ஒரு பொருளாக வைக்கலாம்.

புது வீடு போல ஆனதும் நாம் புண்யாஹவாசனம் செய்து, நாலு பேரை அழைத்துச் சாப்பாடு போடுகிறோம். நம் சமையலறைக் கல்லை அறுத்தவரும் இன்னும் முப்பது வருடம் நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டு, தம் குடும்பத்தோடு சாப்பிட வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு வாளி தண்ணீரும் அரை நாள் கூலியும்தான்.