நூலகப் படிப்பு: சேருமுன் கேளுங்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“நூலக உதவியாளர் வேலைக்கு எந்தப் படிப்பு சார் நல்லது? செலவும் கம்மியா இருக்கணும்” என்று ஒரு தம்பி கேட்டார். அவருக்கான பதில்தான் இது.

முதலில் நான் ஏமாந்த கதை. 1986-ல் பி.ஏ. முடித்த கையோடு, தபால் வழி நூலகச் சான்றிதழ் என்ற விளம்பரத்தைப் பார்த்தேன். அக்கா சீட்டு எடுத்துக் கொடுத்த பணத்தைக் கட்டினேன். சான்றிதழும் வந்தது, பொன்னிற எழுத்தில்! வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியப் போனால், “இதுக்கு அங்கீகாரம் இல்லையேப்பா” என்று திருப்பிக் கொடுத்தார்கள். அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு நாலு மாதம் ஆயிற்று. மறுபடி முறையான படிப்பைப் படித்துத்தான் உள்ளே நுழைந்தேன். இரண்டு வருடம் போனது போனதுதான்.

இத்தனைக்கும் இந்தப் பயிற்சி நம் சென்னையிலேயே வேர்விட்டது. எஸ்.ஆர். ரங்கநாதன் முயற்சியால் 1929-ல் சென்னை நூலகச் சங்கம் கோடைப் பள்ளி நடத்தியது. 1931-ல் அதைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. 1948-ல் நூலகச் சட்டமும் இங்கேதான் வந்தது.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒன்று, வேலையைப் பார்த்துப் படிப்பைத் தேடுங்கள். உதவியாளர் நிலைக்குச் சில மாதச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. பட்டம் பெற்றவர்களுக்கு ஓராண்டு இளநிலை நூலக அறிவியல். கல்லூரி நூலகர் ஆக வேண்டுமானால் முதுநிலையில் 55 விழுக்காடும், பொதுவாக நெட் அல்லது செட் தேர்ச்சியும் வேண்டும். எடுத்த எடுப்பில் எல்லாவற்றுக்கும் பணம் கட்ட வேண்டாம், படிப்படியாக ஏறுங்கள்.

இரண்டு, அங்கீகாரம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை இருக்கின்றன. தொலைநிலை என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் அந்தப் படிப்பும், நீங்கள் சேரும் ஆண்டும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏஜெண்ட் சொல்வதை நம்பாதீர்கள்.

மூன்று, முழுச் செலவு. கட்டணம் மட்டும் செலவல்ல. தேர்வுக் கட்டணம், பஸ் சார்ஜ், தங்குமிடம், லீவு போட்டால் போகும் சம்பளம், எல்லாவற்றையும் கூட்டுங்கள். கட்டணம் குறைந்த தூரத்துக் கல்லூரியைவிட, பக்கத்து ஊர்க் கல்லூரி மலிவாக முடியலாம்.

நான்கு, கைப்பழக்கம். புத்தகத்தை வகைப்படுத்தி எண் போட விடுவார்களா? கோஹா மென்பொருளில் உட்கார வைப்பார்களா? போன வருடம் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இதையெல்லாம் நேரில் போய்க் கேளுங்கள்.

ஆவணக் காப்பகத்தில் ஆர்வம் உள்ளவர்கள், டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஓராண்டுப் பட்டயத்தையும் குறும்பயிற்சிகளையும் விசாரியுங்கள். பழைய தாளைக் காப்பது தனி வித்தை. புத்தகம் அடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது.

ஒளிக்காமல் சொல்கிறேன்: தொடக்கத்தில் ஒப்பந்த வேலையும் குறைந்த சம்பளமும்தான் பலருக்கு. அதனால்தான் கடன் வாங்கிப் படிக்காதீர்கள் என்கிறேன்.

முதல் சம்பளத்தில் அக்காவின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. “இனி யாராவது கேட்டா, நீ சரியாச் சொல்லிக் குடு, அது போதும்” என்றார். இன்று சொல்லிவிட்டேன்.