பஞ்சு படாத பாடு

"பஞ்சு படாத பாடு பட்டேன்" என்று சொல்கிறோம். பஞ்சு அப்படி என்னதான் பாடு படுகிறது? கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்குள்ளே போனால் தெரியும்.

ஒரு பேல், அதாவது ஒரு பொதிப் பஞ்சு, ஏறக்குறைய 170 கிலோ. கல் மாதிரி இறுகிக் கிடக்கும். முதலில் புளோரூம். பல் வைத்த உருளைகள் பஞ்சைக் கிள்ளிக் கிள்ளி உதறும். விதைத் துணுக்கு, இலைச் சருகு, மண் எல்லாம் கீழே விழும்.

அடுத்தது கார்டிங். பெரிய உருளை, மேலெல்லாம் ஊசிப் பற்கள். பேன் சீப்பால் தலை வாருகிற மாதிரி இழை இழையாகச் சிக்கெடுக்கும். வெளியே வரும்போது சிலந்தி வலை போல ஒரு மெல்லிய விரிப்பு. அதைக் குவித்தால் வெள்ளைக் கயிறு மாதிரி ஸ்லைவர். லேசாக இழுத்தாலே சத்தமில்லாமல் பிய்ந்து வரும். இனிமேல்தான் அதை நீட்டி, முறுக்கி, நூலாக்க வேண்டும்.

ஒரு காலத்தில் இந்த எந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. 1962-இல் கோவையில் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனம் தொழில்நுட்பம் தந்தது. பிறகு கோவை எந்திரங்களே வெளிநாட்டுக்குக் கப்பலேறின!

மில்லைப் பார்க்க வந்த ஒருவர் பெரியவர் ஒருவரிடம் கேட்டாராம்: "ஏனுங்க, இத்தனை அடி வாங்கியும் பஞ்சு எப்படிங்க இவ்வளவு மெதுவா இருக்கு?"

பெரியவர் சொன்னார்: "அடி விழுந்தது அழுக்குக்குத்தானுங்க... பஞ்சுக்கு இல்லீங்களே!"