ஊரின் எதிர்காலமும் ஊராரின் சொல்லும்

(மும்பை மாட்டுங்காவில் தமிழன்பர்களிடையே ஆற்றப்பட்ட உரை)

தாராவியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதற்கொண்டே தோல் பதனிடும் தொழிலை நாடி அவர்களுடைய முன்னோர் இங்கு வந்தனர். மாட்டுங்காவில் அலுவலகப் பணியாளர்கள் குடியேறினர். டிராம்பே தொழிற்சாலைகள் எழுந்தபின் செம்பூரிலும் தமிழர் பெருகினர். மழையை நம்பிய மானாவாரி நிலமும், குளம் பெருகினால் மட்டுமே விளையும் வயலும், ஓராண்டு முழுவதற்கும் வேலை தர இயலாமற்போனதே தாராவிக்கு வந்தவர்களுள் பலர் ஊரை விட்டதற்குக் காரணம். அத்தகைய ஒதுக்குப்புறமான ஊர்களின் பொருளாதார எதிர்காலத்தை யார் வகுப்பது என்பதே இங்கு ஆராய்வதற்குரிய கேள்வி.

கேள்வி பழையது

1952 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம், மக்களின் பங்கேற்பையே அடித்தளமாகக் கொண்டது. எனினும், மக்களின் முன்முயற்சியைத் தூண்டுவதில் அது வெற்றி பெறவில்லை என்று 1957-ல் பல்வந்த்ராய் மேத்தா குழு சுட்டிக்காட்டியது. 1993-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் கிராம சபைக்குச் சட்டத் தகுதி அளித்தது. ஆனால், சபை கூடுவது வேறு, சபையின் சொல் செல்லுபடியாவது வேறு.

இவ்வேறுபாட்டை மகாராஷ்டிரத்தின் அனுபவமே நன்கு விளக்கும். 1972-ஆம் ஆண்டின் கடும் வறட்சிக் காலத்தில் அம்மாநிலம் வேலை உறுதித் திட்டத்தை விரிவாக மேற்கொண்டது. 1977-ல் இயற்றப்பட்ட சட்டம் 1979 ஜனவரி 26 முதல் செயற்பட்டது. இதற்கான நிதியின் ஒரு பகுதி தொழில் வரியின் வாயிலாகத் திரட்டப்பட்டது. மும்பையில் மாதச் சம்பளம் பெற்ற தமிழரின் ஊதியத்திலிருந்தும் அவ்வரி பிடிக்கப்பட்டது. நகரத்தார் வரியால் நாட்டுப்புறத்தில் கிணறும் சாலையும் உருவாயின. இது போற்றத்தக்க ஏற்பாடே. எனினும், எந்த வேலை எங்கே நடைபெற வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மாவட்ட நிர்வாகமே முடிவு செய்தது. பணிகளைப் பரிந்துரைக்கவும், செலவைச் சமூகத் தணிக்கை செய்யவும் கிராம சபைக்குச் சட்டப்படி இடமளித்தது 2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டமே.

மேண்டா தரும் பாடம்

மும்பையைத் தலைநகராகக் கொண்ட அதே மாநிலத்தின் கிழக்குக் கோடியில், கட்சிரோலி மாவட்டக் காடுகளிடையே மேண்டா என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு வாழ்வோர் கோண்டு பழங்குடியினர். பெரும்பான்மை வாக்கினால் முடிவெடுக்காமல், அனைவரும் இசையும்வரை பேசி முடிவெடுப்பது அவ்வூரின் வழக்கம். முடிவெடுக்கும் முன்னர், படிப்பு வட்டங்கள் அமைத்து, சட்டத்தையும் காட்டின் நிலையையும் அவர்கள் கற்றறிந்தனர். தேவாஜி தோஃபா போன்றோர் இம்முயற்சிக்கு முன்னின்று உழைத்தனர். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ், சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின்மீதான சமூக உரிமையை 2009-ல் மேண்டா பெற்றது. மூங்கிலை வெட்டி விற்கும் உரிமை 2011-ல் நடைமுறைக்கு வந்தது. இங்கு கலந்தாய்வு பயன் தந்ததற்குக் காரணங்கள் இரண்டு: மக்களுக்கு முன்கூட்டியே விவரம் தெரிந்திருந்தது, அவர்கள் எடுத்த முடிவு வளத்தின்மீது செல்லுபடியாயிற்று.

மறுக்கும் உரிமையும் கலந்தாய்வின் பகுதியே. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பையொட்டி, 2013-ல் ஒடிசாவின் நியம்கிரி மலையில் பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று பன்னிரண்டும் ஒருமனதாக முடிவு செய்தன. ‘ஆம்’ என்னும் விடையை மட்டுமே எதிர்பார்க்கும் கூட்டத்தைக் கலந்தாய்வு எனல் பொருந்தாது.

பிரிந்து சென்றோரின் பங்கு

இனி, மும்பைத் தமிழருக்கு இதில் என்ன இடம் உண்டு எனக் காண்போம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றோரே கிராம சபையின் உறுப்பினர். தாராவியில் வாக்குரிமை கொண்டவருக்குச் சொந்த ஊரின் சபையில் வாக்கு இல்லை. இது முறையானதே, ஊரில் இருந்து வெயிலையும் மழையையும் ஏற்போரே முடிவு செய்தல் வேண்டும். ஆனால், ஊரை விட்டு வந்தவரிடம் வேறெவரிடமும் இல்லாத ஒரு செய்தி உண்டு. எந்தப் பற்றாக்குறை அவரை வெளியேற்றியது, என்ன இருந்திருந்தால் ஊரிலேயே தங்கியிருப்பார் என்பதை அவர் அறிவார். திட்டம் தீட்டுவோருக்கு அவருடைய சான்று விலைமதிப்பற்றது.

தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள்களுள் மே 1-ஆம் நாளும் ஒன்று. மும்பைப் பள்ளிகளின் கோடை விடுமுறையும், நெல்லைப் பகுதிக் கோயில்களின் கொடை விழாக்களும் வரும் காலம் அது. ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் அன்றைய கூட்டத்தில் அமர்ந்து கேட்கலாம். சபை இசைந்தால் தம் அனுபவத்தையும் கூறலாம். ஊராட்சிகள் அதற்கு முன்பே வரவு செலவுக் கணக்கையும் உத்தேசப் பணிகளையும் மக்களுக்கு எளிய தமிழில் அறிவித்தல் வேண்டும். கூட்டத்தில் எழுந்த கோரிக்கை ஏற்கப்படாவிடில், அதற்குரிய காரணத்தை அடுத்த கூட்டத்தில் எழுத்து வடிவில் தெரிவித்தல் வேண்டும். இவ்விரண்டுக்கும் பெருஞ்செலவு இல்லை.

வேறிடத்தில் தீட்டப்படும் திட்டத்தின் பொருளைத் தாராவி மக்கள் நன்கறிவர். 2004-ல் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்கு மாநில அரசு ஒப்புதல் அளித்தது முதல், தங்கள் வீடும் தொழிலும் என்னாகும் என்ற கவலை அவர்களைத் தொடர்ந்து வந்துள்ளது. தமக்காக இங்கு கேட்கும் அதே கேள்வியை, ஊரில் தங்கிவிட்ட தமையனுக்கும் தங்கைக்குமாக அங்கும் கேட்பது அவர்களுடைய கடமையாகும்.