லாபம் இருக்கு, காசு எங்கே?

நல்லா ஓடிட்டிருந்த ஒரு கடை, மூணாவது கிளை திறந்த கொஞ்ச நாள்லயே எல்லா ஷட்டரையும் இறக்கிட்டுப் போறதை நம்ம ஏரியாவுல பார்த்திருப்போம். “வியாபாரம் படுத்துடுச்சு போல”ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவோம். ஆனா பல நேரம் வியாபாரம் படுக்கவே இல்லை. விற்பனை ஏறிட்டு இருக்கும்போதே கையில காசு தீர்ந்து போயிருக்கும். அது எப்படின்னுதான் இந்த எபிசோட்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். இட்லி மாவு அரைச்சு சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு சப்ளை பண்றவர் ஒருத்தர். மாசம் 10 லட்சம் விற்பனை, 9 லட்சம் செலவு, 1 லட்சம் லாபம். அரிசி, உளுந்து, கரண்ட், கூலி எல்லாம் அந்த மாசமே கொடுத்தாகணும். சூப்பர் மார்க்கெட் பணம் வர்றதுக்கு மட்டும் 2 மாசம். இது ஒரு மாதிரி ரொட்டேஷன்ல ஓடிட்டிருக்கு.

இப்போ ஒரு பெரிய செயின் வந்து, “ஆர்டரை டபுள் பண்றோம்”னு சொல்லுது. செலவு உடனே 18 லட்சம் ஆயிடும். ஆனா உள்ளே வர்றது 2 மாசம் முன்னாடி போட்ட பழைய பில்லுக்கான 10 லட்சம்தான். முதல் மாசம் 8 லட்சம் துண்டு. அடுத்த மாசமும் 8 லட்சம். மூணாவது மாசம்தான் 20 லட்சம் வரும். அதாவது அந்த ரெண்டு மாசத்துல பேப்பர்ல 4 லட்சம் லாபம், கையில 16 லட்சம் பள்ளம். வரி கேட்டா லாபத்துக்கு கேட்பாங்க. ஆனா கூலியை லாபத்துல கொடுக்க முடியாது, காசுலதான் கொடுக்க முடியும்.

மூணாவது மாசம் அவர் மூச்சு விடலாம். ஆனா அங்கதான் பலர் இன்னொரு தடவை டபுள் பண்ணுவாங்க. அடுத்த ரெண்டு மாசமும் 16, 16 லட்சம் துண்டு. மொத்தப் பள்ளம் 48 லட்சம். இதுக்கு நடுவுல ஜிஎஸ்டி வேற. பொதுவா பில் போட்ட மாசத்துக்கான வரியை அடுத்த மாசம் 20-ம் தேதிக்குள்ள கட்டணும். பணம் வந்துச்சா இல்லையான்னு யாரும் கேட்க மாட்டாங்க. இந்தப் பள்ளத்தை முதல்ல வீட்டு நகை அடைக்கும். அப்புறம் கந்து வட்டி வரும். அங்கேர்ந்து திரும்பி வர்றது கஷ்டம்.

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, சர்வர் விழறது சராசரி லோடுல இல்லை, பீக் லோடுல. வருஷக் கணக்குல எல்லாம் பச்சையா இருக்கும். ஒரே ஒரு வாரம் சம்பளம் கொடுக்க முடியலைன்னா கதை மாறிடும்.

பெரிய அளவுல பார்க்கணும்னா நம்ம சென்னையிலேயே உதாரணம் இருக்கு: சுபிக்ஷா. 1997-ல ஆரம்பிச்ச மலிவு விலைக் கடை. ஏசி கிடையாது, அலங்காரம் கிடையாது, விலை குறைவு. அந்த ஐடியா ஜெயிச்சுது. 2006 வாக்குல 150 கடை அளவுல இருந்தது, 2008-ல நாடு முழுக்க சுமார் 1,600 கடை ஆச்சு. ஒவ்வொரு புதுக் கடைக்கும் அட்வான்ஸ், உள்வேலை, முதல் சரக்கு எல்லாமே முன்பணம். திரும்பி வர காலம் எடுக்கும். பெரும்பகுதி கடன்ல நடந்த வளர்ச்சி. 2008 செப்டம்பர்ல லேமன் பிரதர்ஸ் விழுந்து உலகம் பூரா கடன் கிடைக்கறது இறுகினப்போ, இங்கேயும் காசு வரத்து நின்னுச்சு. காசு இல்லைன்னா சரக்கு இல்லை, சரக்கு இல்லைன்னா விற்பனை இல்லை. 2009 தொடக்கத்துல கடைகள் மூடிக்கிடந்தன. சம்பள பாக்கியோட ஊழியர்கள் நின்னாங்க. ஐடியா தோத்ததுனால இல்லை, வேகத்துக்குக் காசு ஈடு கொடுக்காததுனால.

சரி, என்ன செய்யலாம்? மூணு விஷயம்.

ஒண்ணு, பெரிய ஆர்டருக்குத் தலையாட்டறதுக்கு முன்னாடி, அடுத்த 13 வாரத்துக்கு எந்த வாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும்னு ஒரு ஷீட் போடுங்க. எந்த வாரம் மைனஸ் போகுதோ, அந்தத் தொகைக்கு வழி இருந்தா மட்டும் சரி சொல்லுங்க.

ரெண்டு, குறு, சிறு உற்பத்தியாளரா இருந்தா உத்யம் பதிவு பண்ணுங்க, இலவசம். 2006 சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள்ள பணம் தரணும். தாமதமானா வட்டி உண்டு. நம்ம மாவுக்காரர் ஒத்துக்கிட்ட 2 மாசமே சட்டத்தைத் தாண்டினது. கேட்டா ஆர்டர் போயிடுமோங்கற பயம் நியாயம்தான். அதனால பேரம் பேசும்போதே நாளைக் குறைக்கப் பாருங்க. விலையில ஒரு ரூபாய் விட்டுக்கொடுத்தாவது.

மூணு, கடைக்கான ஓவன், கிரைண்டர் மாதிரி வருஷக்கணக்குல உழைக்கற பொருளுக்கு ரொட்டேஷன் பணத்தைத் தொடாதீங்க. அதுக்கு நீண்டகாலக் கடன் தனியா வாங்குங்க.

ஒரு கிளையை ஆறு மாசம் தள்ளித் திறந்தா யாரும் கைதட்ட மாட்டாங்க. ஆனா உள்ளே வேலை பார்க்கற பத்து பேருக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் போகும். தொழில் பண்ற நண்பர் யாராவது இருந்தா இந்த எபிசோடை அனுப்பிவிடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.